கச்சா எண்ணெயைப் பிரித்த களிமண்

கச்சா எண்ணெயைப் பிரிப்பது என்றதும் சுத்திகரிப்பு ஆலையின் உயரமான கோபுரங்கள்தான் நினைவுக்கு வரும். அங்கு கொதிநிலையை வைத்துப் பிரிக்கிறார்கள். ஆனால் பென்சீன் 80.1 டிகிரி செல்சியஸிலும், சைக்ளோஹெக்சேன் 80.7 டிகிரியிலும் கொதிக்கின்றன. முதலாவது அரோமேட்டிக் வகை, இரண்டாவது நிறைவுற்ற வகை. சாதாரணமாக வாலை வடித்தால் இரண்டும் சேர்ந்தேதான் வரும். எனவே ஆய்வகத்துக்கு வேறு வழி தேவைப்பட்டது.

அந்த வழி ஒரு நிலவியல் கேள்வியிலிருந்து பிறந்தது. பென்சில்வேனியா எண்ணெய் ஏன் அத்தனை இலேசாக இருக்கிறது? நிலத்தடியில் பாறைகளின் ஊடே ஊறி வரும்போது வடிகட்டப்பட்டிருக்குமோ? அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் டால்பாட் டே இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு குழாயில் ஃபுல்லர் மண்ணை (முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டி இந்த வகைதான்!) நிரப்பி, அதன் வழியே எண்ணெயை ஏறவிட்டார். இலேசான எண்ணெய் மேலே சென்றது, கனமானது கீழே தங்கியது. 1900ல் பாரிஸில் நடந்த பெட்ரோலிய மாநாட்டில் இதை அவர் விளக்கினார்.

ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெட் இலை நிறமிகளைப் பிரித்தது பற்றி வார்சாவில் பேசியது 1903ல்தான். ஆகவே டேதான் முதல்வர் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் இது பரப்புக் கவர்தலால் நிகழ்கிறது என்று விளக்கி, 1906ல் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டு, எப்பொருளுக்கும் பொருந்தும் முறையாக்கியவர் ஸ்வெட். டே தேடியது எண்ணெயின் பூர்வீகத்தை மட்டுமே. பெருமை ஸ்வெட்டுக்குப் போனது நியாயமே எனலாம்.

பின்னர் களிமண்ணின் இடத்துக்குச் சிலிக்கா ஜெல் வந்தது. 1927ல் அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம் தொடங்கிய 6ஆம் ஆய்வுத் திட்டம், ஓக்லஹோமாவின் போன்கா சிட்டியில் கிடைத்த ஒரே எண்ணெயைப் பல்லாண்டுகள் பிரித்துக்கொண்டே இருந்தது. வாலை வடித்தலோடு சிலிக்கா ஜெல்லும் அங்கு கைகொடுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஹைட்ரோகார்பன்கள் தனித்தனியே கிடைத்தன.

ஸ்வெட்டின் நிறமிகளைக் கண்ணால் பார்க்கலாம். பெட்ரோலில் உள்ள ஹைட்ரோகார்பன்களுக்கோ நிறமில்லை. 1951ல் கிரிடில், லே டூர்னோ என்ற இருவர் இதற்கு வழி கண்டனர். ஒளிரும் சாயங்களைச் சேர்த்து, ஆல்கஹாலால் பெட்ரோலைச் சிலிக்கா ஜெல் வழியே தள்ளினர். புறஊதா விளக்கின் கீழ் ஒலிஃபின்கள் மஞ்சளாகவும் அரோமேட்டிக்குகள் நீலமாகவும் தெரிந்தன. நிறைவுற்றவை ஒளிராமல் முன்னால் சென்றன. ஒவ்வொரு பட்டையின் நீளத்தையும் அளவுகோலால் அளந்தால் போதும், சதவீதம் கிடைத்துவிடும்.