பிளேக் கெடுபிடியும் பத்திரிகைகளும்: பம்பாய் மாகாணம், 1896–1900

1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் ஒரு காய்ச்சல் பரவத் தொடங்கியது. தானியக் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த இடம் அது. கடுங்காய்ச்சலுடன் அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டி, சில நாட்களுக்குள் ஆள் மாண்டுபோவதைக் கண்ட மருத்துவர் அகாசியோ காப்ரியல் வியேகாஸ், இது பிளேக்தான் என்று சொன்னார். கோவாவில் பிறந்த வியேகாஸ் நகராட்சி மன்ற உறுப்பினரும் ஆவார். சீனத்தின் யுன்னான் பகுதியிலிருந்து கிளம்பிய இந்த நோய் 1894இல் ஹாங்காங்கைத் தாக்கியிருந்தது. நோய்க்கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் அங்கேதான் கண்டறிந்தார். ஆனால் அது எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்கு வருகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அழுக்கும் கெட்ட காற்றும் நோயாளியின் தொடுகையுமே காரணம் என்று அதிகாரிகள் நம்பினார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளில் அரசு எடுத்த நடவடிக்கைகளில் பெரும்பாலானவை இந்த நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை.

அக்டோபர் 6ஆம் தேதி நகராட்சி ஆணையர் ஸ்னோ ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நோய் கண்டவரை வீட்டிலிருந்து பிரித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், வீட்டுக்குள் புகுந்து கிருமிநாசினி தெளிக்கவும் அதிகாரிகளுக்கு அது உரிமை கொடுத்தது. ஆஸ்பத்திரி என்றால் ஆர்தர் சாலையிலிருந்த தொற்றுநோய் மருத்துவமனை. சாகும் தறுவாயில்தான் பலர் அங்கே கொண்டுவரப்பட்டதால், உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் பிணமாகவே திரும்பினார்கள். ஆஸ்பத்திரியே ஆளைக் கொல்கிறது என்ற பேச்சு ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் வேகமாகப் பரவியது. அந்த மாதத்தில்தான் நகரிலிருந்த விக்டோரியா ராணி சிலைக்கு யாரோ தார் பூசியிருந்தார்கள். அந்த அவமதிப்பால் கோபம் கொண்ட ராணி நோயாளிகளின் இதயங்களைக் கேட்டிருக்கிறாள் என்று ஒரு புரளி கிளம்பியது. அக்டோபர் 29 அன்று ஏறத்தாழ ஆயிரம் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினார்கள்.

இந்தப் புரளிகளை அறியாமை என்று ஆங்கிலப் பத்திரிகைகள் ஒதுக்கித் தள்ளின. அவற்றுக்கு அடியில் இருந்த பயம் அவ்வளவு எளிதாகத் தள்ளக்கூடியதல்ல. குடும்பத்தில் ஒருவரைக் கூலிக்காரர்கள் வந்து தூக்கிப் போகிறார்கள். உடன் செல்ல உறவினருக்கு அனுமதி இல்லை. யார் கையால் சாப்பாடு, யார் கையால் தண்ணீர் என்பது தெரியாது. செத்தால் முறைப்படி ஈமக்கடன் நடக்குமா என்பதும் தெரியாது. ஸ்னோவையும் ஒரு பயம் பிடித்திருந்தது: துப்புரவுத் தொழிலாளர்கள் நகரை விட்டு ஓடிவிட்டால் பம்பாயே நாறிப்போகும். ஆகவே, வீட்டிலேயே தனி அறையும் சிகிச்சையும் தர முடிந்தவர்களை வற்புறுத்துவதில்லை என்று ஆணையைத் தளர்த்தினார். தனி அறை வைத்திருந்தவர்கள் யார், ஒற்றை அறையில் பத்துப் பேர் முடங்கிக் கிடந்தவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எட்டு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட அந்த நகரிலிருந்து 1897 பிப்ரவரிக்குள் ஏறக்குறைய பாதிப்பேர் வெளியேறினார்கள். அவர்களில் சிலரோடு நோயும் ரயிலேறியது.

இதற்குள் விவகாரம் கடல் தாண்டிவிட்டது. இந்தியச் சரக்குகளுக்கு ஐரோப்பியத் துறைமுகங்கள் தடை போடத் தொடங்கின. வெனிஸ் நகரில் பிப்ரவரியில் சர்வதேச சுகாதார மாநாடு கூடவிருந்தது. ஏதாவது செய்து காட்ட வேண்டிய நெருக்கடியில் இருந்த இந்திய அரசு, 1897 ஜனவரி 28 அன்று கல்கத்தாவில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்து, ஒரே வாரத்தில், பிப்ரவரி 4 அன்று, சட்டமாக்கியது. அதுவே தொற்றுநோய்கள் சட்டம். மொத்தமே நான்கு பிரிவுகள். நோயைத் தடுக்கத் தேவை என்று அரசு கருதும் எந்த விதியையும் போடலாம். ரயிலிலும் கப்பலிலும் வருபவர்களைச் சோதிக்கலாம், அடைத்து வைக்கலாம். மீறினால் தண்டனை உண்டு. நல்லெண்ணத்தில் செயல்பட்ட அதிகாரிமேல் வழக்குப் போட முடியாது. அந்த மாதத்திலேயே பம்பாயிலிருந்து ஹஜ் பயணமும் நிறுத்தப்பட்டது. ஓர் அதிகாரியின் கைக்கு இத்தனை அதிகாரத்தை இத்தனை சுருக்கமாகக் கொடுத்த சட்டங்கள் அன்றைய இந்தியாவிலும் அதிகமில்லை.

சட்டம் தன் முழு வீச்சைக் காட்டிய இடம் புனே. சதாராவில் உதவி கலெக்டராக இருந்த வால்டர் சார்லஸ் ராண்ட் அங்கே பிளேக் கமிட்டியின் தலைவராக்கப்பட்டார். மார்ச் 13 முதல் மே 19 வரை ஏறத்தாழ 900 படைவீரர்களும் மருத்துவப் பணியாளர்களும் நகரைச் சல்லடையாகச் சலித்தார்கள். டர்ஹாம் படைப்பிரிவைச் சேர்ந்த வெள்ளைச் சிப்பாய்களே தேடுதலில் முன்னால் நின்றார்கள். உள்ளூர் ஆட்கள் லஞ்சம் வாங்கிக்கொண்டு நோயாளியை மறைத்துவிடுவார்கள், பிரிட்டிஷ் சிப்பாய் கட்டுப்பாடு உள்ளவன் என்பது அரசின் வாதம். தெருவின் இரு முனைகளையும் அடைத்துவிட்டு ஒவ்வொரு வீடாகப் புகுந்தார்கள். பூஜை அறையும் சமையலறையும் தப்பவில்லை. நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஆண்களும் பெண்களும் வீட்டு வாசலில், தெருவில், பலர் பார்க்கச் சோதிக்கப்பட்டார்கள். படுக்கை, துணிமணி, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் தொற்று என்று சொல்லி எரிக்கப்பட்டன. நோயாளி ஆஸ்பத்திரிக்கும், நோயில்லாத உறவினர்கள் தனிமை முகாமுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வந்தவர்களில் பலருக்கு, திறந்து கிடந்த வீட்டில் எடுத்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. பால கங்காதர திலகர் மராத்தியில் ‘கேசரி’யையும் ஆங்கிலத்தில் ‘மராட்டா’வையும் நடத்திவந்தார். அவரை நோய்த்தடுப்புக்கே எதிரானவர் என்று காட்ட அன்றைய அரசு ஆதரவாளர்கள் முயன்றார்கள். ஏடுகளைப் பார்த்தால் அது பொய். தொடக்கத்தில் தனிமைப்படுத்துவதை அவர் ஆதரித்தார். இந்துக்களுக்கென ஒரு பிளேக் ஆஸ்பத்திரி தொடங்கினார், முகாமில் இருந்தவர்களுக்கு இலவச உணவுக்கு ஏற்பாடு செய்தார், நகரை விட்டு ஓடிய பெரிய மனிதர்களைக் கண்டித்து எழுதினார், தாம் ஓடாமல் அங்கேயே இருந்தார். அவருடைய ஆட்சேபம் தேடுதல் நடந்த முறையைப் பற்றியது: சிப்பாய்க்குப் பதில் ஊர்மக்களின் நம்பிக்கைக்குரியவர்களை ஏன் அனுப்பக்கூடாது, புகார் கொடுத்தால் ஏன் பதில் இல்லை என்ற கேள்விகள். திலகரோடு பல விஷயங்களில் மோதிய சீர்திருத்த ஏடான ‘சுதாரக்’கும் இந்த விஷயத்தில் அதே குரலில் பேசியது. நோயைப் பற்றி இரு முகாம்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்கலாம். வீட்டுக்குள் பூட்ஸ் காலோடு புகுவதைப் பற்றி இல்லை.

பெண்கள் எழுப்பிய குரலும் இருந்தது. புனேயில் கைம்பெண்களுக்கு இல்லம் நடத்திவந்த கிறிஸ்தவரான பண்டித ராமாபாய், தம் பொறுப்பிலிருந்த ஒரு பெண்ணுக்கு முகாமில் நேர்ந்ததையும் அங்கே பெண்கள் நடத்தப்பட்ட விதத்தையும் ‘பாம்பே கார்டியன்’ ஏட்டுக்குக் கடிதமாக எழுதினார். அது லண்டன் நாடாளுமன்றம் வரை எட்டியது. ஆளுநர் சாண்ட்ஹர்ஸ்ட் மறுத்தார். அரசுக்கு வேண்டியவர் என்று எளிதில் கருதப்படக்கூடிய ஒருவரே இப்படி எழுதியதால், புகார்கள் எல்லாம் பிராமணப் பத்திரிகைகளின் கட்டுக்கதை என்ற பதில் வலுவிழந்தது. இன்னொரு பெண்ணின் பங்கு பத்திரிகைகளில் அவ்வளவாக இடம்பெறவில்லை. சாவித்திரிபாய் பூலே, மருத்துவரான தம் வளர்ப்பு மகன் யஷ்வந்துடன் சேர்ந்து புனேக்கு வெளியே நோயாளிகளுக்குப் பணி செய்தார். தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளை ஒன்றைத் தாமே சுமந்து வந்தபோது தொற்று ஏற்பட்டு 1897 மார்ச் 10 அன்று இறந்தார் என்பார்கள். நோயில் பெரும்பாடுபட்ட அடித்தட்டு மக்கள் என்ன நினைத்தார்கள் என்பது அன்றைய விவாதத்தில் மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. பூஜை அறைக்குள் சிப்பாய் நுழைந்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், சேரியில் எரிக்கப்பட்ட ஒரே போர்வையைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை.

விமர்சகர்களுக்கு ஒரு பின்னடைவும் நேர்ந்தது. இந்திய அரசின் செலவுகளை ஆராய்ந்த வெல்பி கமிஷன் முன் சாட்சியம் அளிக்க லண்டன் சென்றிருந்த கோபால கிருஷ்ண கோகலே, புனேயிலிருந்து வந்த கடிதங்களை நம்பி, சிப்பாய்கள் இரு பெண்களைக் கெடுத்ததாகவும் அவர்களில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டதாகவும் ‘மான்செஸ்டர் கார்டியன்’ ஏட்டுக்குச் சொன்னார். ஊர் திரும்பியபோது கடிதம் எழுதியவர்கள் யாரும் முன்வந்து உறுதி சொல்லவில்லை. கோகலே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். சொந்தக் கட்சிக்காரர்களே அவரைத் தூற்றினார்கள். ஆதாரம் இல்லாத ஒன்றைத் திரும்பப் பெற்றது நேர்மையான செயல். ஆனால் ஆதாரம் இருந்த மற்ற நூறு புகார்களையும் சேர்த்து அமுக்க அது அரசுக்கு வசதியாகிவிட்டது.

கோகலே திரும்புவதற்கு முன்பே புனேயில் துப்பாக்கி பேசியிருந்தது. 1897 ஜூன் 22, விக்டோரியா ராணி அரியணை ஏறிய அறுபதாம் ஆண்டு விழா. கணேஷ்கிண்ட் ஆளுநர் மாளிகையில் விருந்து முடிந்து திரும்பிய ராண்டையும் லெப்டினன்ட் அயர்ஸ்டையும் சாப்பேகர் சகோதரர்களான தாமோதரும் பாலகிருஷ்ணனும் சுட்டார்கள். அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார். ராண்ட் ஜூலை 3 அன்று இறந்தார். பம்பாயில் ராணி சிலைக்குத் தார் பூசியதும் தாமே என்று தாமோதர் பின்னர் ஒப்புக்கொண்டார். அவர் 1898 ஏப்ரலிலும், பாலகிருஷ்ணனும் இளைய சகோதரர் வாசுதேவும் 1899 மே மாதத்திலும் தூக்கிலிடப்பட்டார்கள்.

கொலையை அடுத்து அரசின் பார்வை பத்திரிகைகள் மேல் திரும்பியது. சிவாஜி விழாவையொட்டி ஜூன் 15 ‘கேசரி’யில் வந்த எழுத்துகளைக் காரணம் காட்டி, ஜூலை 27 அன்று திலகர் ராஜத்துரோகக் குற்றத்தில் கைது செய்யப்பட்டார். கொலைக்கும் அவருக்கும் தொடர்பு இருப்பதாக வழக்கில் குற்றச்சாட்டே இல்லை. நீதிபதி ஸ்ட்ரேச்சி, அரசிடம் பற்று இல்லாமையே அதிருப்தி என்று சட்டத்துக்குப் பொருள் சொன்னார். ஒன்பது ஜூரர்களில் ஆறு ஐரோப்பியர்கள் குற்றவாளி என்றார்கள். மூன்று இந்தியர்கள் இல்லை என்றார்கள். தண்டனை பதினெட்டு மாதக் கடுங்காவல். புனேயின் ‘நாட்டு’ என்ற குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் விசாரணையே இல்லாமல், 1827ஆம் ஆண்டின் பழைய ஒழுங்குவிதி ஒன்றின்கீழ் அடைக்கப்பட்டார்கள். 1898இல் ராஜத்துரோகப் பிரிவு 124ஏ விரிவாக்கப்பட்டு, பிரிவு 153ஏ புதிதாகச் சேர்க்கப்பட்டது. தொற்றுநோயை ஒடுக்கும் முயற்சியில் பிறந்த சர்ச்சை எழுத்தை ஒடுக்கும் சட்டத்தில் போய் முடிந்தது. அந்தச் சட்டப் பிரிவுகள் பிளேக்கைவிட நீண்ட காலம் இந்தியாவில் தங்கின.

பத்திரிகைகளின் வாயைக் கட்டியும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1898 மார்ச் 9 அன்று பம்பாயின் மதன்புராவில், ஜுலாஹா நெசவாளர் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியைச் சோதிக்க வந்தவர்களை உறவினர்கள் தடுத்தார்கள். அது நகரக் கலவரமாக வெடித்தது. பஞ்சாபின் கர்ஷங்கரிலும், மைசூர் சமஸ்தானத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாமிலும், 1900இல் கான்பூரிலும் கலகங்கள் நடந்தன. சென்னை மாகாணத்தில் நோய் கண்ட இடங்களிலிருந்து வந்தவர்களுக்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ கொடுத்து, குறிப்பிட்ட நாட்கள்வரை அதிகாரியிடம் ஆஜராகச் சொன்னார்கள். ரயில் நிலையச் சோதனையில் இறங்கி நின்று அல்லல்பட்டவர்கள் பெரும்பாலும் மூன்றாம் வகுப்புப் பயணிகளே. கோயம்புத்தூரில் இன்றும் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தக் காலத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

அரசு மெல்ல இறங்கிவந்தது. கல்கத்தாவில் 1898இல் நோய் தலைகாட்டியபோது, வற்புறுத்தி யாரையும் தூக்கிப் போவதில்லை என்று வங்க அரசு உறுதி கொடுத்தது. தொற்றுநோய்கள் மசோதாவை அவையில் கொண்டுவந்த அதே ஜான் உட்பர்ன்தான் அப்போது வங்கத்தின் துணை ஆளுநர். அங்கே ராமகிருஷ்ண மிஷனும் சகோதரி நிவேதிதாவும் தெருத் தெருவாகத் துப்புரவுப் பணி செய்தார்கள். 1898இல் அமைக்கப்பட்ட பிளேக் கமிஷன், எடின்பரோவின் பேராசிரியர் ஃப்ரேசர் தலைமையில் நாடெங்கும் சாட்சியம் கேட்டது. மக்களின் ஒத்துழைப்பு இல்லாமல் வீடு தேடுவதும் ஆளைப் பிரிப்பதும் நோயை ஒளித்துவைக்கவே வழி செய்தன என்பதை அதன் பின் வந்த கொள்கை ஏற்றுக்கொண்டது. இதைத்தான் புனே ஏடுகள் 1897இலேயே எழுதின.

அறிவியலும் அதே திசையில் தீர்ப்புச் சொன்னது. கராச்சியில் பணிபுரிந்த பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன் 1898 ஜூனில், தெள்ளுப்பூச்சி வழியாக எலியிலிருந்து எலிக்கு நோய் பரவுவதைச் சோதனையில் காட்டினார். கமிஷன் அதை நம்பவில்லை. 1905க்குப் பின் பம்பாயில் நடந்த ஆய்வுகள் அவர் சொன்னதை உறுதி செய்தன. வீடுகளில் கார்பாலிக் அமிலம் கொட்டியதும் சாக்கடைகளைக் கழுவியதும் எலிகளை அடுத்த தெருவுக்குத்தான் துரத்தியிருக்கின்றன. எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்து வயல்வெளிக்குப் போய்விட வேண்டும் என்று பல கிராமங்களில் மக்கள் தாமாகவே அறிந்திருந்தார்கள். ராண்டின் சிப்பாய்களைவிட அந்த வழக்கம் அதிக உயிர்களைக் காத்திருக்கும்.

தடுப்பூசியின் கதையும் இதோடு சேர்ந்தது. வால்டெமார் ஹாஃப்கின் பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் மருந்தைத் தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று தம் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். பிறகு பைகுல்லா சிறையில் முன்வந்த கைதிகளுக்குப் போட்டார். கட்டாயம் கைவிடப்பட்ட பின் அரசு தடுப்பூசியையே பெரிதும் நம்பியது. 1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஒரே குப்பி மருந்தைப் போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தார்கள். பழி ஹாஃப்கின்மேல் விழுந்தது. கிராமத்தில் குப்பியைத் திறந்தபோதுதான் தொற்று நேர்ந்திருக்க வேண்டும் என்று ரொனால்டு ராஸ் முதலியவர்கள் பகிரங்கமாக வாதாடிய பின், 1907இல் அவர் பழியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்த ஆண்டில்தான் பிளேக் சாவு உச்சம் தொட்டது. ஒரே ஆண்டில் பத்து லட்சத்துக்கு மேல். 1920கள் வரை கணக்கிட்டால் இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் பலியானார்கள்.

1897ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது மாநில அரசுகள் அதே சட்டத்தைக் கொண்டே ஆணைகள் பிறப்பித்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த அவசரச் சட்டமும் பின்னர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தமும் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குச் சிறைத்தண்டனை விதித்தன. மத்திய அரசின் அதிகாரத்தையும் விரிவாக்கின. தனிமைப்படுத்தப்பட்டவருக்கு அரசு என்ன தர வேண்டும், புகார் இருந்தால் அவர் யாரிடம் போக வேண்டும் என்று சொல்லும் பிரிவு எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை. அதிகாரிகளுக்குப் பாதுகாப்புத் தரும் நான்காம் பிரிவு அப்படியே இருக்கிறது.