வீரக்கல் (கிருட்டிணகிரி மாவட்டம்)

வீரக்கல் அல்லது நடுகல் என்பது போரிலோ, ஆநிரை கவர்தலிலோ மீட்டலிலோ, ஊரைக் காக்கும் முயற்சியிலோ உயிர்நீத்தவரின் நினைவாக நடப்படும் கல் ஆகும். தமிழ்நாட்டில் இத்தகைய கற்கள் மிகுதியாகக் கிடைக்கும் பகுதிகளுள் கர்நாடக எல்லையை ஒட்டிய கிருட்டிணகிரி மாவட்டமும் ஒன்று. ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரங்களில் ஏரிக்கரைகளிலும், வயல்வெளிகளிலும், ஊர் எல்லைகளிலும் இவற்றைக் காணலாம். வீரம் என்னும் கருத்து இப்பகுதி மக்களால் எவ்வாறு விளங்கிக்கொள்ளப்பட்டது என்பதற்கு இக்கற்கள் நேரடிச் சான்றுகளாக அமைகின்றன.

சொற்பொருள்

வீரம் என்பது 'வீர' என்னும் வடசொல்லின் அடியாகத் தமிழில் வழங்கும் சொல். பழந்தமிழில் இப்பொருளைக் குறிக்க மறம், தறுகண், ஆண்மை முதலிய சொற்கள் பயன்பட்டன. இவற்றுள் மறம் என்பது இருபொருள் உடையது. அறத்திற்கு எதிரானது என்ற நிலையில் அது தீமையையும் பாவத்தையும் குறிக்கும். போர்க்களத்தில் அது அஞ்சாமையைக் குறிக்கும்.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாகப் பெருமிதத்தைக் கூறுகிறது. வடமொழி மரபின் வீரச்சுவையோடு இதனை ஒப்பிடுவது வழக்கம். எனினும் பெருமிதம் போர்த்திறனால் மட்டும் தோன்றுவதாகத் தொல்காப்பியம் கூறவில்லை. அஞ்சாமையோடு கல்வி, புகழ், கொடை ஆகியவையும் அதற்கு நிலைக்களன்களாகச் சொல்லப்படுகின்றன.

இன்று திரைப்பட நாயகனைக் குறிக்கத் தமிழிலும் வழங்கும் 'ஹீரோ' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் கிரேக்க மொழியாகும். பண்டைய கிரேக்கத்தில் இச்சொல் இறந்தபின் கல்லறையில் வழிபடப்பட்ட மாந்தரையும் குறித்தது. இறந்தவரைக் கல்லில் நிறுத்தி வழிபடும் தமிழ் மரபோடு இது ஒப்புநோக்கத்தக்கது.

இலக்கியங்களில் நடுகல்

நடுகல் நடும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காணுதல் காட்சி, அதனைக் கொள்ளுதல் கால்கோள், நீராட்டுதல் நீர்ப்படை, பின்னர் நடுதல், சிறப்புச் செய்து படையலிடுதல் பெரும்படை, இறுதியாக வாழ்த்துதல். திருக்குறளில் படைச்செருக்கு அதிகாரத்தின் முதற்குறள் போரில் வீழ்ந்து கல்லாகி நின்றவர்களைக் குறிப்பிடுகிறது.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006 ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று ஆகோள், அதாவது ஆநிரை கவர்தல், பற்றியது. சங்க இலக்கியம் கூறும் நடுகல் மரபுக்குக் கல்வெட்டுச் சான்றாக இக்கண்டுபிடிப்பு அமைந்தது.

கல்வெட்டுகளின் மொழி

தருமபுரி, கிருட்டிணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள் பெரும்பாலும் வட்டெழுத்தில் அமைந்தவை. அரசனின் ஆட்சியாண்டு, பகுதித் தலைவனின் பெயர், ஊர், இறந்தவனின் பெயர், அவன் செய்த செயல் ஆகியன அவற்றில் சுருக்கமாகக் கூறப்படும். இறப்பைக் குறிக்கும் சொல் 'பட்டான்' என்பதாகும். 'தொறு' என்பது ஆநிரையைக் குறிக்கும்.

இக்கல்வெட்டுகளின் மொழியில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, தொறுவை மீட்கும்போது பட்டவனுக்கு மட்டுமன்றி, தொறுவைக் கவரும்போது பட்டவனுக்கும் கல் எடுக்கப்பட்டது. அவரவர் ஊரார் அவரவர் இறந்தோரைப் போற்றினர். எனவே வெற்றி பெறுவது நடுகல்லுக்குரிய தகுதியாகக் கருதப்படவில்லை. இரண்டாவது, பழைய நடுகல் கல்வெட்டுகளில் புகழ்மொழிகள் மிகக் குறைவு. இறந்தவனின் பெயரும் செயலுமே கூறப்படுகின்றன. வீரம் என்ற சொல் இல்லாமலேயே வீரம் பதிவுசெய்யப்படுகிறது.

வறண்ட நிலப்பகுதியில் கால்நடையே முதன்மையான உடைமை. 'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. ஆநிரையை இழப்பது ஊரின் வாழ்வாதாரத்தையே இழப்பதாகும். இதனால் தொறுப்பூசல்கள் நடுகற்களில் மிகுதியாக இடம்பெற்றன. புலியையோ காட்டுப் பன்றியையோ எதிர்த்து இறந்தவர்களுக்கும் கற்கள் உண்டு.

விலங்குகளும் இச்சிறப்பைப் பெற்றன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் கால நடுகல்லில், தொறுப்பூசலில் பங்கேற்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் உருவமும் இடம்பெற்றுள்ளன. கர்நாடகத்தின் ஆதகூரில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுக் கல், காட்டுப் பன்றியோடு பொருது மாண்ட காளி என்னும் வேட்டைநாயை நினைவுகூர்கிறது.

எல்லை கடந்த மரபு

கிருட்டிணகிரி, ஓசூர் பகுதிகள் கங்கர், நுளம்பர், சோழர், ஒய்சாளர், விசயநகர அரசர் எனப் பல மரபினரின் ஆட்சிக்கு உட்பட்டவை. இன்றும் இங்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் பேசப்படுகின்றன. இக்கலப்பு நடுகற்களிலும் காணப்படுகிறது. தமிழகத்தின் பழைய நடுகற்களில் வில், வாள், கேடயம் ஆகியவற்றுள் சிலவற்றை ஏந்திய வீரனின் உருவம் மட்டும் பெரும்பாலும் இருக்கும். கன்னடத்தில் 'வீரகல்லு' எனப்படும் பிற்காலக் கற்களில் மூன்று அடுக்குகள் அமையும். கீழடுக்கில் போர்க்காட்சியும், நடுவில் தேவமகளிர் வீரனை அழைத்துச் செல்வதும், மேலே அவன் இலிங்கத்தை வழிபடுவதும் செதுக்கப்பட்டிருக்கும். இவ்விரு வகைகளும் இம்மாவட்டத்தில் உள்ளன.

இறந்தவனின் குடும்பத்தாருக்கு வழங்கப்பட்ட நிலம் தமிழ்க் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி எனப்பட்டது. நெய்த்தோர் என்பது குருதியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். கன்னடத்தில் 'நெத்தரு', தெலுங்கில் 'நெத்துரு' என இச்சொல் இன்றும் வழக்கில் உள்ளது. கணவனோடு உடன்கட்டை ஏறிய பெண்களுக்கு எடுக்கப்பட்டவை சதிக்கற்கள் ஆகும். இவை கன்னடப் பகுதியில் மாஸ்திக்கல் எனப்படும். இவற்றில் பெண்ணின் உயர்த்திய கை அடையாளமாக விளங்கும். ஆனால் பெரும்பாலான சதிக்கற்களில் அப்பெண்ணின் பெயர் இல்லை.

ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருவின் பெயரைக் குறிக்கும் பழைய சான்றும் ஒரு வீரக்கல்லே ஆகும். பேகூரில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 890 ஐச் சேர்ந்த அக்கல்வெட்டு 'பெங்களூருப் போர்' பற்றிக் கூறுகிறது.

வழிபாடு

கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. கல்லில் உள்ள வீரனின் இயற்பெயர் மறந்துபோன இடங்களிலும் வழிபாடு தொடர்கிறது. மக்களின் இவ்வழிபாட்டினாலேயே பல கற்கள் அழியாமல் எஞ்சியுள்ளன.

பாதுகாப்பு

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970களில் செங்கம், தருமபுரி வட்டார நடுகல் கல்வெட்டுகளை நூல்களாக வெளியிட்டது. அப்போது கிருட்டிணகிரி தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 2004 ஆம் ஆண்டு தனி மாவட்டமானது. கிருட்டிணகிரி, தருமபுரி அரசு அருங்காட்சியகங்களில் நடுகற்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் ஆலைகளும் குடியிருப்புகளும் பெருகின. ஓசூர் 2019 இல் மாநகராட்சி ஆனது. நிலம் சமன் செய்தல், சாலை விரிவாக்கம், புதையல் தேடித் தோண்டுதல் ஆகியன வழிபாட்டில் இல்லாத கற்களுக்கு ஊறு விளைவிக்கக்கூடியவை. துணி துவைக்கவும் படிக்கல்லாகவும் பயன்படும்போது எழுத்துகள் தேய்ந்துவிடுகின்றன. அரசனின் செய்தி பல கோயில்களில் பதிவாகியிருக்கும். ஊருக்காக இறந்த ஒருவனின் பெயரோ பெரும்பாலும் ஒரே கல்லில் மட்டுமே உள்ளது. எழுத்து அழிந்தால் அவனைப் பற்றிய செய்தியும் முற்றிலும் மறைந்துவிடும். கல் இடம் மாற்றப்பட்டால் எந்த ஊரின் பூசலில் அவன் இறந்தான் என்பதை அறிவதும் கடினமாகிறது.

இத்தகைய கற்களைக் காண்போர் அவற்றைப் பெயர்க்காமலும், எழுத்துகளின் மீது சுண்ணமோ வண்ணமோ பூசாமலும், இருந்த இடத்திலேயே ஒளிப்படம் எடுத்து, வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்கலாம்.

இவற்றையும் பார்க்க

வெட்சித் திணை
கரந்தைத் திணை
வட்டெழுத்து
சதிக்கல்
வேடியப்பன்