பி7 தேடி பஸ் ஏறின பசங்க

கிட்டார் கத்துக்க ஆரம்பிச்சவங்களுக்குத் தெரியும். மொதல் வாரம் ஈ மேஜர், ஏ மேஜர்னு ரெண்டு ஓப்பன் கார்ட் வந்துடும். விரல் நுனி காந்தும், ஆனா வந்துடும். மூணாவதா ஒண்ணு வேணும்னு வரும்போதுதான் வண்டி நிக்கும். 1950கள்ல இங்கிலாந்தின் லிவர்பூல்ல சில பசங்களுக்கும் அங்கேயேதான் நின்னுச்சு.

1956 ஜனவரியில லானி டொனெகன் பாடின 'ராக் ஐலண்ட் லைன்' அங்கே ஹிட். ஸ்கிஃபிள்னு பேரு. மலிவு கிட்டார், துணி தேய்க்கிற தகரப் பலகை, தேயிலைப் பெட்டியில கம்பும் கயிறும் கட்டின பேஸ், ரெண்டு மூணு கார்ட். அவ்ளோதான் சாமி, இசைக்குழு ரெடி! ஜான் லென்னானும் குவாரிமென்னு ஒண்ணு ஆரம்பிச்சார். அவருக்குக் கத்துக்குடுத்தது அம்மா ஜூலியா. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சது பேஞ்சோ. அதனால பையன் கிட்டார்ல பேஞ்சோ கார்ட் பிடிச்சுக்கிட்டு இருந்தார் :-)

1957 ஜூலை 6, வூல்ட்டன் சர்ச் திருவிழாவுல பால் மெக்கார்ட்னி அறிமுகம். 15 வயசு, ஒழுங்கா சுருதி சேர்க்கத் தெரியும். ஆனா இடதுகைக்காரர்! அவர் பிடிச்சுக் காட்டினதை ஜான் வீட்டுக்குப் போய் இடம் வலமா மாத்திப் போட்டுப் பழகினார். நமக்கு நேரா காட்டினாலே விளங்க மாட்டேங்குது.

சரி, பி7க்கு வருவோம். ஊருக்கு அந்தப் பக்கம் ஒருத்தருக்கு அது தெரியுமாம்னு கேள்விப்பட்டு, பஸ் பிடிச்சுப் போய் கத்துக்கிட்டு வந்ததா பால் பின்னாடி சொல்லியிருக்கார். ஏன் இவ்ளோ பாடு? ஈ சுருதியில பாட்டுக்கு ஈ, ஏ, பி மூணும் வேணும். பி மேஜருக்கு ஒரே விரலால பல கம்பிகளை அமுக்கணும், புதுசா கத்துக்கறவங்க கை தாங்காது. பி7ல ரெண்டாவது கம்பியை சும்மா விட்டுடலாம். நாலு விரலும் வேணும்தான், அதுலயும் சுண்டுவிரல் பேச்சு கேக்காது. ஆனா முடியும். பெர்ட் வீடனோட 'ப்ளே இன் எ டே' புத்தகமும் 1957லயே வந்துடுச்சு. என்னைக் கேட்டா, எந்தக் கம்பி செத்துப்போய் ஒலிக்குதுன்னு புத்தகம் சொல்லாது, பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து கேக்கணும்.

பாலோட அம்மா 1956 அக்டோபர்ல புற்றுநோயில போயிட்டாங்க. 1958 ஜூலை 15ல கார் மோதி ஜூலியாவும். மொதல் கார்டைக் கத்துக்குடுத்தவங்க போனப்போ ஜானுக்கு 17 வயசு. ரெண்டு பசங்களும் கிட்டாரை விடலை.

1962 அக்டோபர் 5, பீட்டில்ஸ் 'லவ் மீ டூ' வெளிவந்துச்சு. அந்தப் பாட்டுல பெரும்பகுதி ஜி, சி ரெண்டு கார்டுதான். ரெண்டுமே ஓப்பன்!