பாத்திர விளையாட்டின் தோற்றமும் நடுவர் நிலையும்

ஒரு மேசையைச் சூழ நால்வர் ஐவர் அமர்கின்றனர். அவருள் ஒருவர் ஒழிந்த ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மாந்தரின் நிலையை மேற்கொண்டு, தாம் செய்யக் கருதுவதை வாய்மொழியாற் கூறுகின்றனர். எஞ்சிய ஒருவரே நடுவர். அவர் அக்கற்பனை உலகை விரித்துரைத்து, ஒவ்வொரு செயலும் யாது பயன் விளைத்தது என முடிவு கூறுவர். ஐயம் நேருமிடத்துப் பகடை உருட்டப்படும். பாத்திர விளையாட்டு எனப்படும் இவ்வகைக்கு வணிகமுறையில் வெளிவந்த முதல் நூல், 1974ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் பெயரும் அதன்கண் பொறிக்கப்பட்டுள்ளன. இவ்விருவருள் இதனைப் படைத்தவர் யாவர் என்னும் வினா நெடுநாளாக நிகழ்ந்து வருகின்றது. அவ்வினாவே பிழைபடத் தொடுக்கப்பட்டதென்பது எம் கருத்து. ஈண்டு ஆராயத்தக்கது நூலாசிரியர் வரலாறு அன்று, நடுவர் வரலாறே.

அவ்வரலாறு பிரஷ்ய நாட்டுப் படைத்துறையில் தொடங்குகின்றது. பீரங்கிப் படையைச் சார்ந்த இளைய ரைஸ்விட்ஸ் என்பார், தம் தந்தையார் வகுத்த போர் விளையாட்டைத் திருத்தி 1824இல் விதிநூலாக வெளியிட்டார். ‘கிரீக்ஸ்பீல்’ என்பது அதன் பெயர். சதுரங்கத்தினின்று அதனை வேறுபடுத்துவன பல. அவற்றுள் தலையாயது, ஆடுவோர் காய்களைத் தாமே நகர்த்துதல் இல்லை என்பதாம். இரு தரப்பினரும் தத்தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் அளிப்பர். நடுவரே நிலப்படத்தின்மீது படைகளை நகர்த்தி, எவர் எதனைக் காண இயலுமோ அதனை மட்டும் அவர்க்கு அறிவிப்பர். அறியாமையையும் ஆட்டத்தின் ஒரு கூறாக்கிய பெருமை இந்நூலுக்கு உரியது. எனினும் இழப்புக்களை அறுதியிடுவன அட்டவணைகளும் பகடையுமே. நடுவர் பெரும்பாலும் கணக்கராகவே நின்றார்.

இவ்விதிகளின் சுமை படைத்தலைவர்களைச் சலிப்புறச் செய்தது. அதனால் 1876இல் வெர்டி டு வெர்னுவா என்பார், அட்டவணைகளை ஒதுக்கிவிட்டுப் பட்டறிவுடைய நடுவரின் தீர்ப்பையே சான்றாகக் கொள்ளும் முறையை வகுத்தார். விதிவழி ஆட்டம், தீர்ப்புவழி ஆட்டம் என்னும் இருவகைப் பாகுபாடு அன்று முதல் நிலைபெற்றது. பின்வரும் செய்திகளை விளங்கிக்கோடற்கு இப்பாகுபாடு இன்றியமையாதது.

பிரஷ்ய முறை கடல்கடந்து சென்றது. அமெரிக்கப் படைத்துறையினராகிய சார்லஸ் டாட்டன் 1880இல் ‘ஸ்ட்ராட்டெகோஸ்’ என்னும் போர்விளையாட்டு நூலை வெளியிட்டார். பல்லாண்டுகள் கழித்து, மினசோட்டாவில் பொழுதுபோக்காகப் போர் விளையாட்டு ஆடிவந்த டேவிட் வெசலி என்னும் இயற்பியல் மாணவர் அப்பழைய நூலைக் கண்டெடுத்துப் பயின்றார். நூலகத்து மூலையிற் கிடக்கும் ஒரு நூல் எவர் கையில் எவ்வாறு பயன்படும் என்பதை முன்னரே உரைத்தல் அரிது. ஆடுவோர் எதனையும் செய்ய முயலலாம், அம்முயற்சியின் விளைவை நடுவர் உரைப்பர் என்னும் நெறியே வெசலியின் உள்ளத்தைக் கவர்ந்தது.

1969இல் அவர் நிகழ்த்திய ‘பிரவுன்ஷ்டைன்’ என்னும் ஆட்டத்தைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். நெப்போலியன் காலத்துக் கற்பனை நகர் ஒன்று அதன் களம். படைத்தலைவர் பொறுப்பை மட்டுமன்றி, நகரத் தலைவர், பல்கலைக்கழகத் தலைவர், மாணவர் முதலிய பொறுப்புக்களையும் வெசலி ஆடுவோர்க்குப் பகுத்தளித்தார். ஒவ்வொருவர்க்கும் தனித்தனி நோக்கமும் வகுத்தார். முறைப்படி நிகழவேண்டிய ஆட்டம் விரைவிலேயே கட்டவிழ்ந்தது. ஆடுவோர் மேசையை விட்டு அகன்று, தம்முள் மறைவாகச் சூழ்ச்சி பேசலாயினர். இருவர் வந்து தாம் தனிப்போர் புரியப் போவதாகக் கூறினர். அதற்கென விதி ஒன்றும் வகுக்கப்பட்டிலது. நடுவர் அப்பொழுதே ஒரு வழி கண்டு பகடையால் முடிவுரைத்தார். ஆட்டம் தோல்வியுற்றதென வெசலி வருந்தினார். ஆடியவரோ மீண்டும் வேண்டும் என்றனர்! படைப்போன் தோல்வியெனக் கொண்டதைத் துய்த்தோர் வெற்றியெனக் கண்ட இந்நிகழ்ச்சியையே பாத்திர விளையாட்டின் தோற்றுவாயாக யாம் கொள்கின்றோம். விதி முடிவுற்ற இடத்தில் ஆட்டம் முடியாது தொடர்ந்தது இங்கேயாம்.

வெசலியின் குழுவில் ஆடியவர் ஆர்னசன். அவர் 1971இல் ‘பிளாக்மூர்’ என்னும் கற்பனை நாட்டை அமைத்து, கோட்டையின் அடியிலுள்ள சுரங்க அறைகளுக்குள் தம் நண்பரைச் செலுத்தினார். ஒரு நாள் ஆடிய பாத்திரமே அடுத்த நாளும் தொடர்ந்து வளர்ந்தது. இது பிரவுன்ஷ்டைனில் இல்லாத புதுமை. 1972ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் ஆர்னசன் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் ஊருக்குச் சென்று, கைகாக்ஸ் முன்னிலையில் இதனை நடத்திக் காட்டினார். ‘செயின்மெயில்’ என்னும் இடைக்காலப் போர்விதி நூலைப் பிறர் ஒருவருடன் இணைந்து முன்னரே வெளியிட்டிருந்த கைகாக்ஸ், கண்டதை விதிகளாக்கி எழுதினார். மூன்று சிறு நூல்கள் ஒரு பெட்டியில் அடங்க, 1000 படிகள் அச்சாயின; விலை 10 டாலர்.

கைகாக்ஸ் எழுதியிராவிடின் இவ்விளையாட்டு ஓரிரு ஊர்களின் நண்பர் குழுவோடு மறைந்திருக்கும் என்பர். இது மறுக்கத்தக்கதன்று. ஆயின் எழுதப்பட்டது யாது? அந்நூல் ‘செயின்மெயில்’ நூலையும், பிறர் வெளியிட்ட வேறொரு பலகை விளையாட்டையும் துணைக்கருவிகளாகச் சுட்டுகின்றது. பாத்திரம் ஏற்று ஆடுதல் என்னும் தொடர் அதன்கண் யாண்டும் இல்லை; தலைப்புப் பக்கம் அதனைப் போர் விளையாட்டென்றே குறிக்கின்றது. நடுவர் எவ்வாறு பேசுதல் வேண்டும் என்பது போதிய அளவு விளக்கப்படவில்லை. உரையின்றிக் கிடைத்த நூற்பாவைப்போல் அது பலர்க்கு இருளாயிற்று. கென் செயின்ட் ஆண்ட்ரே என்பார் இதன் விதிகளால் இடர்ப்பட்டு, எளியதொரு மாற்றாக 1975இல் ‘டன்னல்ஸ் அண்ட் டிரால்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். ஆடியவரிடம் அமர்ந்து கற்றவரே பிறர்க்கு நடுவராயினர். நூலின் குறையை வாய்மொழி மரபு நிரப்பிற்று. இதனால், விதியைச் செய்தவர் ஒருவர், வழக்கைச் செய்தவர் வேறொருவர் எனப் பகுத்துக் காண்டலே முறையாகும். நாம் அறிந்தவரை இப்பகுப்பைச் செய்யாமையே பூசல் நீண்டதற்குக் காரணம்.

முதல் நூலின் முடிவுரை, ஐயம் நேர்ந்தால் ஆடுவோர் தாமே தீர்த்துக் கொள்ளுமாறு ஊக்கியது. சில ஆண்டுகளில் நிலை மாறிற்று. 1977 முதல் 1979 வரை தொடர்ந்து வெளிவந்த ‘அட்வான்ஸ்டு’ என்னும் விரிவுப் பதிப்பில் கைகாக்ஸ் ஒருமைப்பாட்டை வற்புறுத்தினார்; விதிகளை மனம்போல் மாற்றுதலைக் கடிந்தார். 1876இல் வெர்டி களைந்த அட்டவணைகள் நூறாண்டு கழித்து வேறு உருவில் மீண்டன எனலாம்.

அவ்விரிவுப் பதிப்பிற்குத் தமக்கு உரிமைத்தொகை சேரவில்லை என ஆர்னசன் 1979இல் வழக்குத் தொடுத்தார். அது முந்தியதனின் வேறாகிய விளையாட்டு என்று நிறுவனத்தார் வாதிட்டனர். 1981இல் வழக்கு உடன்பாட்டால் முடிவுற்றது. எத்துணை விதி மாறினால் விளையாட்டு வேறாகும் என்பதற்கு அதனால் விடை கிடைத்திலது. 1969இல் விதியின்றித் தீர்ப்புரைத்த வெசலி, அவ்வழக்கில் எத்தரப்பினரும் அல்லர்.