வாடகை வீட்டுச் சுவர்களும் ஒரு சமையலறையும்

வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கவே நாம ஓனரிடம் கேட்கணும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் சார்ல்ஸ்டன் என்றொரு பண்ணை வீடு. அங்கே குடியிருந்தவர்கள் சுவர், கதவு, கணப்பு, அலமாரி, கட்டில் என்று எதையும் விட்டுவைக்காமல் வர்ணம் தீட்டினார்கள். அது ஒரு எஸ்டேட்டுக்குச் சொந்தமான வாடகை வீடுதான்!

தீட்டியவர்கள் வனெஸ்ஸா பெல், டங்கன் கிராண்ட். வனெஸ்ஸா, எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் அக்கா. ப்ளூம்ஸ்பரி வட்டம் என்றால் உடனே நினைவுக்கு வரும் வீடு இது.

கிராமத்து அமைதியைத் தேடிப் போனார்கள் என்று பலரும் எழுதுவதுண்டு. உண்மையில் அவர்களை அங்கே கொண்டுவந்தது போர். 1916இல் பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை வந்தது. டங்கனும் அவர் நண்பர் டேவிட் கார்னெட்டும் மனசாட்சியின் பேரில் துப்பாக்கி தூக்க மறுத்தார்கள். சிறைக்குப் போகாமலிருக்க பண்ணையில் கூலி வேலை செய்தாகணும். பக்கத்துப் பண்ணையில் வேலை கிடைத்தது, அதையொட்டித்தான் வீடு. இந்த வீட்டைப் பற்றி வனெஸ்ஸாவுக்குச் சொன்னவர்கள் வர்ஜீனியாவும் அவர் கணவர் லெனார்ட் வுல்ஃபும். லெனார்ட் யாரென்றால், சில வருஷங்களுக்கு முன் யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த அதே ஆள்தான்.

1919இல் கெய்ன்ஸ், வெர்சாய் ஒப்பந்தத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட தன் புத்தகத்தை எழுதியதும் இங்கேதான். இதெல்லாம் ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டாச்சு.

எனக்கு முக்கியமாகப் படுவது கிரேஸ் ஹிக்கன்ஸ். 1920இல் பதின்வயதில் வனெஸ்ஸாவிடம் வேலைக்குச் சேர்ந்தவர். சமையல், வீட்டு நிர்வாகம் என்று ஏறக்குறைய ஐம்பது வருஷம். வனெஸ்ஸா 1961இல் இறந்த பிறகும் டங்கனைக் கவனித்துக்கொண்டவர். அந்த வீட்டில் ஒருத்தர் நாளெல்லாம் தூரிகையோடு நிற்க முடிந்ததென்றால், இன்னொருத்தர் அடுப்படியில் நின்றார் என்று அர்த்தம். ரொம்ப நாள் வரை "வட்டம்" பற்றிய புத்தகங்களில் அவர் ஓர் அடிக்குறிப்பு, அவ்வளவுதான்.

ஆனால் கிரேஸ் டைரி எழுதியிருக்கிறார். அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1986இல் பொதுமக்களுக்குத் திறந்த வீட்டில், இன்று அவர் கதையும் சேர்த்தே சொல்லப்படுகிறது. வனெஸ்ஸாவின் மகள் ஆஞ்சலிகா கொடுத்த 8,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள், கோட்டுச் சித்திரங்களை வகைப்படுத்தும் வேலையும் அங்கே நடந்தது.

அங்கே போகிறவர்கள் சமையலறையை அவசரமாகக் கடந்துவிடாதீங்க. அடுப்புக்கு மேலே கிரேஸின் நினைவாக ஓர் ஓட்டுப் பலகை பதித்திருக்கிறது. செய்தவர் வனெஸ்ஸாவின் மகன் க்வென்டின்.