பதவி நீடிப்பு வாக்கெடுப்பும் நீதித்துறைச் சுதந்திரமும்: கலிபோர்னியத் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டை முன்வைத்து

முன்னுரை

அமெரிக்க ஒன்றிய அரசின் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மக்களிடம் வாக்குக் கேட்பதில்லை. மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் பலர் கேட்டாக வேண்டும். மிசிசிப்பி மாநிலம் 1832இல் தன் நீதிபதிகள் அனைவரையும் தேர்தல் வழியே அமர்த்தத் தொடங்கியது; நியூயார்க் 1846இல் அம்முறைக்கு மாறியது. நீதிபதி ஆள்வோருக்குக் கடமைப்படுவதைவிட மக்களுக்குக் கடமைப்படுவது மேல் என்பது அன்றைய வாதம். நாளடைவில் கட்சி அரசியல் நீதிமன்றப் படியேறவே, மாற்றுவழி தேட வேண்டியதாயிற்று.

கலிபோர்னியா 1934இல் ஒரு நடுவழியைக் கண்டது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளை ஆளுநர் நியமிப்பார். மூவர் ஆணையம் ஒப்புதல் தரும். அடுத்த ஆளுநர் தேர்தலின்போது அவர்கள் நீடிக்க வேண்டுமா, வேண்டாமா என்று மக்கள் வாக்களிப்பார்கள். எதிர் வேட்பாளர் கிடையாது. முழுப் பதவிக்காலம் 12 ஆண்டுகள். இம்முறையில் 52 ஆண்டுகளாக ஒரு நீதிபதிகூடத் தோற்கவில்லை. 1986இல் ஒரே நாளில் மூவர் தோற்றனர். அவர்களுள் முதன்மையானவர் தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட். மரண தண்டனை பற்றிய மக்களின் சினமே தோல்விக்குக் காரணம் என்பது பரவலான விளக்கம். அது பாதி உண்மை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நியமனத்துக்கு முன்

அரிசோனாவில் 1936இல் பிறந்த பேர்ட், 1965இல் பெர்க்லியில் சட்டப் படிப்பை முடித்தார். சாண்டா கிளாரா மாவட்டத்தில், வழக்கறிஞர் வைக்க வசதியற்றவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் அலுவலகத்தில் சேர்ந்த முதல் பெண் அவரே. 1975இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அவரை வேளாண்மை, சேவைத் துறைகளின் செயலராக்கினார். மாநில அமைச்சரவை நிலையில் பெண் ஒருவர் அமர்ந்தது அதுவே முதன்முறை.

அந்தப் பதவியில்தான் பகை தொடங்கியது. கீரை வயல்களில் தொழிலாளர்கள் குட்டைப்பிடிக் களைக்கொட்டைக் கையில் கொண்டு நாள் முழுக்க இடுப்பை வளைத்தபடியே வேலை செய்தனர். முதுகெலும்பு நிரந்தரமாகப் பழுதானது. நின்று வேலை செய்ய நீளப்பிடி தந்தால் பயிர் கெடும் என்பது பண்ணை முதலாளிகளின் வாதம். குனிந்த முதுகுகளை வைத்து, வேலை நடக்கிறதா என்பதைத் தொலைவிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதியும் அவர்களுக்கு இருந்தது. 1975இல் அக்கருவி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு, பண்ணைத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்துப் பேரம் பேசும் உரிமை சட்டமானது. இரண்டிலும் பேர்டின் பங்கு உண்டு.

1977இல் பிரவுன் அவரைத் தலைமை நீதிபதியாக நியமித்தார். நீதிபதியாக ஒரு நாள்கூட இருந்ததில்லை என்ற எதிர்ப்பு எழுந்தது. ஆணையம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒப்புதல் தந்தது.

முதல் வாக்கெடுப்பு

1978 நவம்பரில் பேர்ட் ஏறத்தாழ 52 விழுக்காடு வாக்குகளுடன் தப்பினார். அவருடைய மரண தண்டனைத் தீர்ப்புகள் பேசுபொருளாவதற்கு முன்பே நடந்த வாக்கெடுப்பு இது. பண்ணை முதலாளிகளும், குற்றவாளிகளிடம் கடுமை காட்டச் சொன்ன அரசியலாளரும் அன்றே கைகோத்திருந்தனர். முக்கியமான தீர்ப்பு ஒன்றை நீதிமன்றம் தேர்தல் முடியும்வரை தள்ளிவைத்திருப்பதாக வாக்களிப்பு நாளன்றே நாளேட்டில் செய்தி வந்தது. மறு ஆண்டு பொது விசாரணை நடந்தது. எந்த நீதிபதி மீதும் குற்றச்சாட்டுப் பதிவாகவில்லை. ஆயினும் நீதிமன்றத்தின் பெயர் கெட்டது.

1986

பேர்டின் முன் வந்த மரண தண்டனை வழக்குகள் 60க்கும் மேற்பட்டவை. ஒன்றில்கூட அவர் தண்டனையை உறுதிசெய்யவில்லை. கொல்லும் எண்ணம் இருந்ததாக மெய்ப்பித்தால்தான் குறிப்பிட்ட சில கொலை வழக்குகளில் மரண தண்டனை தரலாம் என்று 1983இல் வந்த கார்லோஸ் தீர்ப்பு, பல தண்டனைகளை ரத்தாக்கியது. 1977ஆம் ஆண்டின் மரண தண்டனைச் சட்டத்தை இயற்றிய ஜார்ஜ் டியூக்மேஜியன் அப்போது ஆளுநராக இருந்தார். பேர்டுக்கு எதிரான பிரச்சாரத்தை அவரே முன்னின்று நடத்தினார். கொலையுண்டோரின் குடும்பத்தினர் தொலைக்காட்சி விளம்பரங்களில் தோன்றினர். வழக்குகளைப் பற்றிப் பேசக் கூடாத நீதிபதியால் அவர்களுக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

மூன்றில் இரண்டு பங்கினர் 'வேண்டாம்' என்றனர். ஜோசப் குரோடின், குரூஸ் ரெய்னோசோ இருவரும் உடன் தோற்றனர். இவ்விருவரும் சில மரண தண்டனைகளை உறுதிசெய்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மரண தண்டனை மட்டுமே அளவுகோல் என்றால் இவர்களின் தோல்விக்கு விளக்கம் இல்லை.

விளைவுகள்

காலியான மூன்று இடங்களையும் டியூக்மேஜியன் நிரப்பினார். 1987இல் கார்லோஸ் தீர்ப்பு கைவிடப்பட்டது. 1988இல் வேறிரண்டு மாற்றங்கள் வந்தன. பாதிக்கப்பட்ட மூன்றாம் தரப்பினர் காப்பீட்டு நிறுவனத்தின் மீது நேரடியாக வழக்குத் தொடரலாம் என்ற 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பு மாற்றப்பட்டது. முறையின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர் கோரக்கூடிய இழப்பீடும் சுருக்கப்பட்டது. பிரச்சார விளம்பரங்களில் காப்பீடும் இல்லை, வேலைநீக்கமும் இல்லை.

தீர்ப்பெழுதும் மனத்திலும் இத்தகைய வாக்கெடுப்பின் நிழல் விழுந்தது. 1985இல் ஓய்வுபெற்ற சக நீதிபதி ஓட்டோ காவுஸ், தேர்தல் விளைவை மறந்து தீர்ப்பெழுதுவது குளியல் தொட்டியில் கிடக்கும் முதலையை மறந்திருப்பதற்குச் சமம் என்றார். தம் வாக்கை அந்த அச்சம் எவ்வளவு பாதித்தது என்பது தமக்கே தெரியாது என்றும் ஒப்புக்கொண்டார். 2010இல் அயோவா மாநிலத்தில், தற்பாலினர் திருமணத்தை ஏற்ற தீர்ப்புக்காக மூன்று நீதிபதிகள் இதே வகை வாக்கெடுப்பில் பதவியிழந்தனர்.

முடிவுரை

எதிர் வேட்பாளர் இல்லையென்றால் அரசியலும் இராது என்று 1934இல் நம்பினார்கள். நடந்தது வேறு: எதிர்ப்பவருக்குத் தம் வேட்பாளரின் தகுதியை நிறுவும் சுமையே இல்லாமல் போயிற்று. பேர்ட் 1999இல் மறைந்தார். அவர் பதவி நீங்கி ஐந்தாண்டுகளுக்குப் பிறகே, 1992இல், கலிபோர்னியா மீண்டும் ஒருவருக்கு மரண தண்டனையை நிறைவேற்றியது. அதிலிருந்து 2006 வரை நிறைவேற்றப்பட்டவை மொத்தம் 13. 2019இல் ஆளுநர் கேவின் நியூசம் அனைத்தையும் நிறுத்திவைத்தார். 1986இல் வாக்காளர்கள் கேட்டது மரண தண்டனையை. அவர்களுக்குக் கிடைத்தது வேறொரு நீதிமன்றம்.