மயக்க மருந்து மரணங்களைக் கட்டாயமாக அறிவித்தல்

மயக்க மருந்து ஏற்றப்பட்டவர் நினைவு திரும்புமுன்போ, அதன் விளைவாகப் பின்னரோ இறந்தால், சிகிச்சையளித்தவர்கள் அதை அரச அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற கடமை இது.

1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு அருகே, கால்நகம் அகற்றக் குளோரோஃபோம் கொடுக்கப்பட்ட 15 வயது ஹன்னா கிரீனர் சில நிமிடங்களில் இறந்தாள். அந்த மருந்து புழக்கத்துக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மரண விசாரணை நடந்தது. ஆனால் வைத்திய உலகுக்குப் பயன்பட்டது வைத்தியர் ஜோன் ஸ்னோவின் உழைப்புத்தான். அவர் காலமான 1858இல் வெளிவந்த நூலில், குளோரோஃபோமால் நேர்ந்த 50 மரணங்களை ஒவ்வொன்றாக அலசியிருந்தார்.

அந்த வழியில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1960இல் தனிக்குழு அமைத்தது. இன்று அங்கே மயக்க மருந்து ஏற்றி 24 மணி நேரத்துக்குள் நேரும் மரணத்தை அறிவிப்பது 2010ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி கட்டாயம். இத்தகைய மரணங்களைப் பற்றிய தென்னாபிரிக்காவின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கணக்கு எதையும் சொல்லவில்லை. ஆனாலும் "24 மணி விதி" ஒன்று இருப்பதாகவே அங்குள்ள வைத்தியர் பலர் நம்பிவந்தனர்.

இலங்கையில் இதற்கான வழி 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. திடீர் மரணம், காரணம் தெரியாத மரணம், விபத்து மரணம் எல்லாம் அதன் 370ஆம் பிரிவில் வருகின்றன. மயக்க மருந்து என்ற பெயர் அதில் இல்லை. ஆகவே திருக்கோவிலிலோ கல்முனையிலோ சத்திரசிகிச்சை மேசையில் ஒருவர் இறந்தால், அது "திடீர்" என்ற சொல்லுக்குள் அடங்கித்தான் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் போகிறது. தொண்டையில் செருகிய சுவாசக் குழாயையும் கையில் ஏற்றிய ஊசியையும் கழற்றாமல், மிஞ்சிய மருந்துக் குப்பிகளை எறியாமல், உடலைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் ஒப்படைப்பதே முறை. அன்றைக்கே ஜனாஸாவை அடக்கவேண்டும் என்றிருக்கும் குடும்பத்துக்குப் பிரேத பரிசோதனை பெரும் பாரம். அதற்காகப் பரிசோதனையைத் தவிர்ப்பது காரணத்தையும் சேர்த்துப் புதைப்பதாகும்.

நீதிமன்ற வழி குற்றவாளியைத் தேடும். மருந்தின் பிழையை அது தாமதமாகவே காணும். 2023 ஏப்ரலில் பேராதனை போதனா வைத்தியசாலையில் நேர்ந்த மயக்க மருந்து மரணங்களையடுத்து, முதுகில் ஏற்றும் புபிவாகெய்ன் மருந்து பாவனையிலிருந்து நிறுத்தப்பட்டது. பிழையைக் கற்கும் மீளாய்வு இலங்கைக்குப் புதியதல்ல. தாய்மார் மரணம் 1985 முதல் கட்டாயமாக அறிவிக்கப்படுகிறது. குடும்ப சுகாதாரப் பணியகம் அவற்றை மீளாய்வு செய்கிறது. சிசேரியன் மயக்கத்தில் இறக்கும் தாயும் அந்தக் கணக்கில் சேர்வாள்.